டிக்கன்ஸின் ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவல்: இன்றைய மாணவர்களுக்கு அதன் பொருத்தம்

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1854-ஆம் ஆண்டில் எழுதிய நாவல் ‘ஹார்ட் டைம்ஸ்’. தலைப்பைத் தமிழில் ‘கடினமான காலம்’ எனக் கூறலாம். விக்டோரியா அரசி இங்கிலாந்தை ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் தோன்றிய நாவல்களை விக்டோரியா கால நாவல்கள் என்பர். அவற்றுள் பள்ளிக்கூடத்தையும் பஞ்சாலையையும் ஒரே கதைக்குள் கொண்டு வந்து, இரண்டிலும் மனிதர்கள் வெறும் எண்களாக எண்ணப்படுவதைக் காட்டிய நாவல் இது.

விருதுநகர் மாவட்டத்தில் ஏறத்தாழ 12 கி.மீ. இடைவெளியில் அமைந்துள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு ஊர்களின் மாணவர்களுக்கு இந்நாவல் மிக நெருக்கமானது. ராஜபாளையம் நூற்பாலைகளால் வளர்ந்த ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பிறந்த ஊர். இவ்விரு ஊர்களும் அடங்கிய மாவட்டமோ பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்திற்குப் பெயர் பெற்றது. ஆலை, கற்பனை, தேர்வு ஆகிய மூன்றுமே இந்நாவலின் பொருள்கள் ஆகும்.

ஆசிரியரும் நாவல் எழுந்த சூழலும்

சார்லஸ் டிக்கன்ஸ் 1812-ஆம் ஆண்டு பிப்ரவரி 7 அன்று பிறந்தார். அவருக்கு 12 வயதானபோது தந்தை கடனைத் திருப்பித் தர முடியாமல் சிறைக்குச் சென்றார். சிறுவன் டிக்கன்ஸ் படிப்பை நிறுத்திவிட்டு, காலணிக்குப் பூசும் கருமை தயாரிக்கும் ஆலையில் புட்டிகளில் காகிதம் ஒட்டும் வேலை செய்தார். குழந்தைகளின் துயரம் அவருடைய நாவல்களில் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த அனுபவமே காரணம் என்பர். அவர் 1870-ஆம் ஆண்டு ஜூன் 9 அன்று மறைந்தார்.

1853–54-இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கும் ஆலை உரிமையாளர்களுக்கும் இடையே கூலி உயர்வு தொடர்பாக நீண்ட போராட்டம் நடைபெற்றது. 1854 ஜனவரியில் டிக்கன்ஸ் அங்கு நேரில் சென்று பார்த்தார். அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 12 வரை, தாம் நடத்தி வந்த வார இதழில் 20 வாரங்கள் இந்நாவலைத் தொடர்கதையாக வெளியிட்டார். பின்னர் இது நூலாக வந்தபோது தாமஸ் கார்லைல் என்னும் சிந்தனையாளருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. டிக்கன்ஸின் நாவல்களுள் அளவில் சிறியவற்றுள் இதுவும் ஒன்று. ‘விதைத்தல்’, ‘அறுத்தல்’, ‘களஞ்சியம் சேர்த்தல்’ என்னும் பொருள் தரும் மூன்று பகுதிகளும் 37 அத்தியாயங்களும் கொண்டது. விதைத்ததையே அறுக்க வேண்டும் என்பதைப் பகுதிப் பெயர்களே உணர்த்திவிடுகின்றன.

கதைச் சுருக்கம்

கோக்டவுன் என்பது புகையும் கரியும் படிந்த ஒரு கற்பனை ஆலை நகரம். அங்கு தாமஸ் கிராட்கிரைண்ட் என்பவர் ஒரு பள்ளி நடத்துகிறார். குழந்தைகளுக்குத் தகவல்களை மட்டுமே கற்பிக்க வேண்டும். கதை, பாட்டு, கற்பனை எதுவும் கூடாது என்பது அவருடைய கொள்கை. தம் பிள்ளைகள் லூயிசா, டாம் இருவரையும் அவ்வாறே வளர்க்கிறார். சர்க்கஸ் கலைஞர் ஒருவரின் மகள் சிஸ்ஸி ஜூப் அப்பள்ளிக்கு வருகிறாள். தந்தை அவளை விட்டுப் பிரிந்துபோக, கிராட்கிரைண்ட் வீட்டிலேயே அவளுக்கு அடைக்கலம் கிடைக்கிறது.

லூயிசா இருபது வயதில், ஐம்பது வயதான பவுண்டர்பி என்னும் ஆலை உரிமையாளருக்கு மணம் செய்து வைக்கப்படுகிறாள். டாம் சூதாட்டத்தில் வீழ்ந்து, தான் வேலை பார்க்கும் வங்கியிலேயே திருடுகிறான். பழி ஸ்டீஃபன் பிளாக்பூல் என்னும் நேர்மையான விசைத்தறித் தொழிலாளி மீது விழுகிறது. அதைப் போக்கிக்கொள்ளத் திரும்பி வரும் வழியில் ஸ்டீஃபன் கைவிடப்பட்ட சுரங்கக் குழியில் விழுந்து இறக்கிறான். லூயிசாவின் மணவாழ்வு முறிகிறது. தம் கல்விமுறை தம் பிள்ளைகளையே சீரழித்துவிட்டதைக் கிராட்கிரைண்ட் காலங்கடந்து உணர்கிறார்.

குதிரை என்றால் என்ன?

நாவலின் தொடக்கத்தில் வரும் வகுப்பறைக் காட்சி உலகப் புகழ் பெற்றது. சிஸ்ஸியைப் பெயர் சொல்லி அழைக்காமல் இருபதாம் எண் மாணவி என்றே அழைக்கிறார்கள். குதிரை என்றால் என்ன என்று அவளிடம் கேட்கிறார்கள். அவள் குதிரைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். குதிரைக்கு நோய் வந்தால் அவளுடைய தந்தை மருத்துவம் பார்ப்பார். ஆயினும் கேள்வியைக் கேட்டதும் அவள் திகைத்து நிற்கிறாள். குதிரையோடு பழக்கமில்லாத பிட்சர் என்னும் மாணவன், அதன் கால்கள், பற்களின் எண்ணிக்கை, உணவு, குளம்பு ஆகியவற்றை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். குதிரை என்றால் என்னவென்று இப்போது தெரிந்துகொண்டாயா என்று சிஸ்ஸியிடம் கேட்கப்படுகிறது.

இக்காட்சியைப் படிக்கும் மாணவர் எவரும் தம் வகுப்பறையை நினைக்காமல் இருக்க முடியாது. ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவர், வீட்டு வாசலில் உள்ள வேப்பமரத்தை அந்தப் பாடத்தோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை என்பது நாம் அறியாததன்று. மாந்தோப்பில் வளர்ந்த பிள்ளை, தாவரவியல் தேர்வில் தோற்று, தனக்குத் தாவரங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று நம்பத் தொடங்குவதும் உண்டு. சிஸ்ஸிக்கு நேர்ந்தது இதுவே.

டிக்கன்ஸ் தகவல்களை இகழவில்லை என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். அவர் இளமையில் செய்தியாளராகப் பணியாற்றியவர். தகவலின் மதிப்பை நன்கு அறிந்தவர். ஒப்பிக்கத் தெரிந்ததே அறிவு, ஒப்பிக்கத் தெரியாதது அறியாமை என்று முடிவு கட்டுவதைத்தான் அவர் எதிர்த்தார். நாவல் வெளிவந்து 8 ஆண்டுகள் கழித்து, 1862-இல், இங்கிலாந்து அரசு மாணவர்களின் வருகையையும் தேர்வு முடிவையும் வைத்துப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. எத்தனை பேர் தேறினார்களோ அதற்கேற்பப் பணம். சென்னை மாகாணத்துப் பள்ளிகளிலும் இத்தகைய மானிய முறை பின்னர் நடப்பில் இருந்தது. தேர்ச்சி எண்ணிக்கையால் பள்ளியை அளக்கும் பழக்கம் நம்மிடையே இவ்வளவு பழமையானது.

சிஸ்ஸியின் கணக்கும் தேர்ச்சி விகிதமும்

நாவலில் மாணவர்கள் மிகவும் கூர்ந்து படிக்க வேண்டிய பகுதி, தான் வகுப்பில் செய்த தவறுகளைச் சிஸ்ஸி லூயிசாவிடம் அழுதுகொண்டே சொல்லும் இடமாகும்.

ஒரு நகரில் பத்து லட்சம் பேர் வாழ்கிறார்கள். ஓராண்டில் 25 பேர் மட்டுமே பட்டினியால் இறக்கிறார்கள். இதைப் பற்றி உன் கருத்து என்ன என்று ஆசிரியர் கேட்கிறார். மிகக் குறைந்த விகிதம் என்பதே அவர் எதிர்பார்க்கும் விடை. மற்றவர்கள் எத்தனை லட்சமாக இருந்தாலும் அந்த 25 பேருக்குத் துன்பம் ஒன்றுதானே என்கிறாள் சிஸ்ஸி. விடை தவறு என்று ஒதுக்கப்படுகிறது.

அடுத்து, ஒரு லட்சம் பேர் கடற்பயணம் செய்ததில் 500 பேர் இறந்தனர். விகிதம் என்ன என்று கேட்கிறார். இறந்தவர்களின் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அந்த விகிதத்தால் ஒன்றுமில்லை என்கிறாள். அதுவும் தவறு. ஒரு நாட்டில் ஏராளமான செல்வம் இருந்தால் அது வளமான நாடுதானே என்ற கேள்விக்கும், அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது, அதில் தனக்கு ஏதேனும் உண்டா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தோன்றுகிறது. புள்ளியியல் என்ற சொல்லே அவள் நாவில் சரியாக வருவதில்லை. ஆனால் புள்ளியியலில் எது விடுபட்டுப் போகிறது என்பதை அந்த வகுப்பில் அவள் ஒருத்தியே அறிந்திருக்கிறாள்.

இப்போது நம் மாவட்டத்திற்கு வருவோம். 2023-ஆம் ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வில் விருதுநகர் மாவட்டம் 97.85 விழுக்காடு தேர்ச்சி பெற்று மாநிலத்தில் முதலிடம் பெற்றது. அதற்கு முன்பும் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. வானம் பார்த்த பூமியில், தீப்பெட்டி ஒட்டியும் தறி ஓட்டியும் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்த நிலையை எட்டியிருப்பது பெருமைக்குரியது. இதற்காக மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் உழைத்த ஆசிரியர்கள் போற்றத்தக்கவர்கள்.

அதே வேளையில் சிஸ்ஸியின் கேள்வியும் நிற்கிறது. மீதியுள்ள 2.15 விழுக்காடு என்பது தாளில் ஒரு சிறிய எண். ஆனால் அது சில நூறு வீடுகள். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தெருவெல்லாம் இனிப்பு வழங்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் துன்பம் குறைவதில்லை. சுற்றிலும் 97 பேர் தேறியிருக்கிறார்கள் என்பதால் அது கூடவும் செய்யலாம். ஒவ்வோர் ஆண்டும் முடிவுகள் வரும் நாட்களில் தமிழ்நாட்டில் சில மாணவர்கள் தவறான முடிவை எடுக்கிறார்கள் என்பது வேதனையான உண்மை. அரசின் 104 தொலைபேசி உதவி எண் வழியாக மாணவர்களுக்கு ஆலோசனை வழங்கப்படுவதும், தோல்வியுற்றோர் அவ்வாண்டே படிப்பைத் தொடரும் வகையில் துணைத்தேர்வு நடத்தப்படுவதும் இதனால்தான். 2017-ஆம் ஆண்டு முதல் மாநில அளவில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற மாணவர்களின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு கைவிட்டதும் இந்த வகையில் குறிப்பிடத்தக்கது.

சிஸ்ஸி அப்பள்ளியில் தேறவே இல்லை. இனிப் படித்துப் பயனில்லை என்று கிராட்கிரைண்ட் அவளுடைய படிப்பை நிறுத்திவிடுகிறார். ஆனால் கதையின் இறுதியில் லூயிசாவைத் தேற்றுபவளும், டாம் தப்ப வழி காண்பவளும், சிதைந்த குடும்பத்தைத் தாங்கி நிற்பவளும் அவளே. தேர்வில் தோற்றவர் வாழ்வில் தோற்றவர் ஆகார் என்பதை டிக்கன்ஸ் அறிவுரையாகச் சொல்லாமல் கதையாகவே காட்டிவிடுகிறார்.

நன்றாகப் படித்தவர்களின் நிலை

தேறாதவளைப் பார்த்தோம். தேறியவர்கள் என்ன ஆனார்கள்?

பிட்சர் அப்பள்ளியின் சிறந்த மாணவன். பின்னாளில் வங்கியில் வேலைக்குச் சேர்கிறான். டாம் தப்பிச் செல்லும்போது அவனைப் பிடித்துக் கொடுத்தால் டாமின் பதவி தனக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறான். உனக்கு இதயம் இல்லையா என்று கிராட்கிரைண்ட் கெஞ்சும்போது, இதயம் இல்லாமல் இரத்த ஓட்டம் எப்படி நடைபெறும் என்ற பொருளில் பாடப்புத்தக விடை சொல்கிறான். உன்னைப் படிக்க வைத்தேனே என்றால், அதற்குக் கட்டணம் செலுத்தியாகிவிட்டது, கணக்குத் தீர்ந்தது என்கிறான். கற்பித்தவருக்கு அவர் கற்பித்ததே திரும்பக் கிடைக்கிறது. முடிவில் பிட்சரைத் தடுத்து நிறுத்துவது சர்க்கஸ் கூடாரத்தின் குதிரையும் நாயும்தான். குதிரையின் பற்களை எண்ணத் தெரிந்தவனுக்கு, ஆட ஆரம்பித்த குதிரையை நகர்த்தத் தெரியவில்லை.

லூயிசாவின் துயரம் வேறுவகை. திருமணப் பேச்சு வந்தபோது, வயது வேறுபாடு மிகுந்த திருமணங்கள் பற்றிய புள்ளிவிவரங்களையே தந்தை அவள் முன் வைக்கிறார். தன் மனம் என்ன விரும்புகிறது என்று கேட்டுக்கொள்ளவே அவளுக்குக் கற்றுத்தரப்படவில்லை. எந்தப் படிப்பில் சேர்வது என்பதைக் கட்-ஆஃப் மதிப்பெண்ணே முடிவு செய்யும் இன்றைய நிலையில், விருப்பம் என்ன என்ற கேள்விக்கு விடை சொல்லத் தெரியாத மாணவர் பலர் உண்டு. அவர்களுக்கு லூயிசா அந்நியமானவள் அல்லள்.

ஆலை ஊரும் நாவலும்

1936-ஆம் ஆண்டு பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் என்னும் நூற்பாலையை நிறுவினார். அதைத் தொடர்ந்து அவ்வூர் பஞ்சாலை ஊராக வளர்ந்தது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி விசைத்தறிகளில் நெய்யப்படுகிறது. ஸ்டீஃபன் பிளாக்பூல் விசைத்தறியில் வேலை செய்பவன் என்று படிக்கும்போது, அப்பகுதி மாணவருக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது. அந்த ஓசை அவர் கேட்டு வளர்ந்தது.

கோக்டவுனில் தொழிலாளர்களை முதலாளிகள் ‘கைகள்’ என்றே குறிப்பிடுகிறார்கள். பள்ளியில் சிஸ்ஸி ஓர் எண். ஆலையில் ஸ்டீஃபன் ஒரு கை. இரண்டும் ஒரே பார்வையின் இரு முகங்கள். பவுண்டர்பி தாம் சாக்கடையில் கிடந்து தாமாகவே முன்னேறியவர் என்று ஊரெங்கும் பெருமை பேசுகிறார். உண்மையில் அவரைப் படிக்க வைத்துத் தொழில் பழக்கியவர் அவருடைய ஏழைத் தாய். அந்தத் தாய்க்கு ஆண்டுக்கு 30 பவுண்டு கொடுத்துத் தம் பக்கமே வராதபடி செய்திருக்கிறார். முதல் தலைமுறையாகப் பட்டம் பெறும் மாணவர்கள் தம் பெற்றோரைப் பிறர்முன் அறிமுகப்படுத்தக் கூசும் தருணங்களில் பவுண்டர்பியை நினைத்துக்கொள்வது நல்லது.

கோக்டவுனையும் இன்றைய தமிழக ஆலை ஊர்களையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. டிக்கன்ஸ் எழுதிய காலத்தில் இந்தியாவில் தொழிற்சாலைச் சட்டமே இல்லை. முதல் சட்டம் 1881-இல் வந்தது. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமும், வேலை நேரத்தை வாரத்திற்கு 48 மணி என வரையறுத்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் நிலைமையை மாற்றின. ஆயினும் சட்டம் ஏட்டில் இருப்பதும் நடைமுறையில் இருப்பதும் வேறு வேறு என்பதை மாணவர்கள் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அறியலாம்.

தமிழில் நெசவாளர் வாழ்வைப் பாடிய நாவலாக தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) கிடைக்கிறது. நூல் தட்டுப்பாட்டால் கைத்தறி நெசவாளர் பட்ட துன்பத்தைக் கூறும் அந்நாவலையும் இதனுடன் ஒப்பிட்டுப் படித்தால் இரு நாடுகளின் தறிகளும் ஒரே கதையைச் சொல்வதைக் காணலாம்.

ரஸ்கின் வழியாகக் காந்தியடிகள்

ஜான் ரஸ்கின் ‘அன் டு திஸ் லாஸ்ட்’ என்னும் நூலில் இந்நாவலைக் குறிப்பிடுகிறார். பவுண்டர்பி போன்ற பாத்திரங்கள் மிகைப்படுத்தப்பட்டுள்ளன என்று குறை கூறும் அவர், சமூகப் பிரச்சினைகளில் அக்கறை உள்ளோர் இதனைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்றும் கூறுகிறார். ரஸ்கினின் அந்நூலைத்தான் 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற ரயில் பயணத்தில் காந்தியடிகள் படித்தார். பின்னர் 1908-இல் ‘சர்வோதயம்’ என்ற பெயரில் குஜராத்தியில் தந்தார்.

இதற்கு நேர்மாறாக, இந்தியாவின் ஆங்கிலக் கல்விக்கு 1835-இல் வழிவகுத்த மெக்காலே, இந்நாவலில் ஓரிடம் உள்ளத்தை உருக்கினாலும் மற்றவை கசப்பான சமதர்மப் பேச்சே என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். நம் கல்விமுறையோடு தொடர்புடைய அவருக்கு இந்நாவல் பிடிக்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

கற்பனையின் இடம்

கிராட்கிரைண்ட் பள்ளியில் தரைவிரிப்பில் பூ வரைவதுகூடக் குற்றம். உண்மையில் பூவின் மேல் யாரும் நடப்பதில்லை என்பது அதற்குக் காரணம். ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். வில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகவும், தன்னையும் தோழியரையும் ஆயர்குலப் பெண்களாகவும் எண்ணிப் பாடிய ஆண்டாளின் ஊர் அது. கிராட்கிரைண்ட் அப்படியொரு மாணவியை எழுப்பி நிறுத்தித் தண்டித்திருப்பார்.

ஆண்டாளின் கதையைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ‘ஆமுக்த மால்யதா’ என்னும் காவியமாகப் பாடினார். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்த பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா ராஜபாளையத்தைச் சேர்ந்தவர். சாகித்திய அகாதமியின் மொழிபெயர்ப்பு விருது பெற்றவர். ஆலை ஊரில் காவியமும் தழைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நாவலின் குறைகள்

இந்நாவலைக் குறையற்றது எனக் கூற இயலாது. தொழிற்சங்கத் தலைவராக வரும் ஸ்லாக்பிரிட்ஜ் வெற்றுப் பேச்சாளராகவே சித்திரிக்கப்படுகிறார். தொழிலாளர் ஒன்றுகூடிப் போராடியே உரிமைகளைப் பெற்றனர் என்பது வரலாறு. அதை டிக்கன்ஸ் உரிய முறையில் காட்டவில்லை. ஸ்டீஃபன் மிகவும் நல்லவனாகவும் பொறுமைசாலியாகவும் இருப்பதால் உயிருள்ள மனிதனாகத் தோன்றுவது குறைகிறது. பள்ளி ஆசிரியரும் வெறும் கேலிப் பொருளாக நின்றுவிடுகிறார். ஆசிரியர்களும் அதே அமைப்பில் சிக்கியவர்களே என்பதை நாவல் அதிகம் பேசவில்லை. இருப்பினும் திறனாய்வாளர் எஃப். ஆர். லீவிஸ் 1948-இல் எழுதிய நூலில் டிக்கன்ஸின் படைப்புகளுள் இதற்குத் தனியிடம் கொடுத்தார்.

மாணவர்கள் படிக்கும் முறை

ஆங்கில இலக்கிய மாணவர்கள் பலரும் வழிகாட்டி நூலில் உள்ள கதைச் சுருக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வு எழுதுகிறார்கள். மனப்பாடக் கல்வியை எதிர்க்கும் நாவலையே மனப்பாடம் செய்வது பொருந்தாது. மூலத்தைப் படிக்கச் சில வழிகள்:

1. நாவல் 20 வாரங்கள் தொடராக வந்தது. வாரத்திற்கு இரண்டு அத்தியாயங்கள் எனப் படித்தால் ஒரு பருவத்திற்குள் முடித்துவிடலாம்.

2. பதிப்புரிமைக் காலம் முடிந்த நூலாகையால் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கைப்பேசியிலேயே படிக்கலாம்.

3. ஸ்டீஃபன் வட்டார வழக்கில் பேசுகிறான். சர்க்கஸ் முதலாளி ஸ்லீரி மழலை போலப் பேசுகிறார். இப்பகுதிகளை வாய்விட்டுப் படித்தால் எளிதில் புரியும்.

4. முதல் பகுதியின் 2-ஆம், 9-ஆம் அத்தியாயங்களை மட்டுமாவது வகுப்பில் நாடகமாக நடித்துப் பார்க்கலாம். குதிரைக் காட்சியும் சிஸ்ஸியின் கணக்கும் இவற்றில் உள்ளன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் தொடங்கப்பட்டு, அன்றைய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியரின் பெயர் தாங்கிய பென்னிங்டன் நூலகம் விக்டோரியா காலத்தைச் சேர்ந்தது. டிக்கன்ஸ் மறைந்து ஐந்தே ஆண்டுகளில் தோன்றியது. பாடநூலுக்கு வெளியே படிக்க விரும்புவோருக்கு ஊரில் ஓர் இடம் வேண்டும் என்று அன்றே எண்ணியவர்கள் இருந்தனர்.

முடிவுரை

‘ஹார்ட் டைம்ஸ்’ நாவல் மதிப்பெண் வேண்டாம் என்று கூறவில்லை. மதிப்பெண்ணால் அளக்க முடியாதவை மாணவரிடம் உண்டு என்றும், அவற்றைக் கவனிக்காத கல்வி நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் ஒருசேரக் கைவிடும் என்றும் கூறுகிறது. தேர்ச்சி விகிதத்தில் முன்னணியில் நிற்கும் ஒரு மாவட்டத்தின் மாணவர்கள் இதைப் படிக்க வேண்டியதன் காரணம் இதுவே. அடுத்த முறை தேர்வு முடிவு வெளியாகும்போது, எத்தனை விழுக்காடு என்று கேட்பதோடு, தேறாத பிள்ளையின் பெயரையும் கேட்டு, அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிவிட்டு வருபவர் இந்நாவலைச் சரியாகப் படித்தவர் எனலாம்.